உஷார்! மதிலுக்குப் பின்னால் தண்ணீர் கட்டி நிற்கிறது

2024 மே 7, செவ்வாய்க்கிழமை மாலை. ஹைதராபாத்தின் பாச்சுப்பள்ளியில் பெய்தது பருவமழையும் இல்லை, புயல் மழையும் இல்லை. கத்திரி வெயில் நாளில் வழக்கமாக வரும் இடிமழைதான். கட்டி முடியாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தடுப்புச் சுவர் அந்த மழையில் சரிந்து, பக்கத்துக் கொட்டகைகளில் தங்கியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் மேல் விழுந்தது. ஒரு குழந்தை உட்பட 7 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் 30 அதிகாலை, விசாகப்பட்டினத்தை ஒட்டிய சிம்மாசலம் கோயிலில் சந்தனோற்சவத்துக்காக வரிசையில் நின்ற பக்தர்கள் மேல் ஒரு சுவர் விழுந்தது. புதிதாகக் கட்டிய சுவர். இரவில் கொட்டிய கோடை மழை அதைச் சாய்த்துவிட்டது. அங்கும் 7 உயிர்.

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நடந்தது என்று தாண்டிப் போய்விட வேண்டாம். 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் இரவு மழையில் இடிந்து, அதை ஒட்டிக் குடிசை போட்டுத் தூங்கிய 11 தொழிலாளர்களைக் கொன்றது. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில், வீட்டுக் கூரைகளுக்கு மேல் உயர்ந்து நின்ற கருங்கல் மதில் ஒன்று வீடுகள் மேல் சாய்ந்து 17 பேரைப் பலிகொண்டது. நான்கு சம்பவங்களிலும் சுவரின் தரம் பற்றிய கேள்விகள் பிறகு எழுந்தன. எழ வேண்டியவைதான். ஆனால் இந்த நான்கில் ஒன்றுகூட வெயிலடிக்கும் நாளில் விழவில்லை. நான்குமே மழையில்தான் விழுந்தன.

அதனால்தான் வானம் இன்னும் வெளுத்துக் கிடக்கும்போதே சொல்கிறேன். உங்கள் வீட்டு மனையில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று இந்த வாரமே பாருங்கள். வழி இல்லையென்றால் அது நின்று சுவரைத் தள்ளும், அல்லது மண்ணை அரித்துக்கொண்டு தானே ஒரு வழியை உண்டாக்கும். இரண்டுமே ஆபத்து. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய விஷயம்தான்.

தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 12.5 செ.மீ. ஆண்டு மழையில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறோம், மாடிக் குழாயைக் குத்திவிடுகிறோம். சித்திரை, வைகாசிக்கு ஒன்றுமே செய்வதில்லை. மனையில் ஓடும் தண்ணீருக்கோ ஆண்டுக் கணக்கும் மாதக் கணக்கும் கிடையாது. அரை மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பது ஒன்றுதான் கணக்கு. ஐப்பசி அடைமழை நாளெல்லாம் பெய்து சேர்க்கும் தண்ணீரைக் கோடை இடிமழை ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

வானிலை எச்சரிக்கையை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய வானிலை ஆய்வு மையம் கனமழை என்று சொல்வது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதை. உங்கள் தெருவில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டி நின்றுவிட்டால், அன்றைய கணக்கில் அது வெறும் மிதமான மழை. வாசலில் நிற்பவருக்கோ அது முழங்கால் அளவுத் தண்ணீர். இடிமேகம் ஒரு பேட்டையை நனைத்துவிட்டு அடுத்த பேட்டையைத் தொடாமலே போகும். ஆரஞ்சு எச்சரிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் கோடையில் அது வராமலே போகலாம்.

மண்ணும் கோடையில் வேறு மண்ணாக இருக்கிறது. பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். புல் பூண்டு கருகி வெறுமையாகக் கிடக்கும் செம்மண்ணில் அது விழுந்தால் மண்கட்டி உடைந்து, நுண்ணிய துகள் மேற்பரப்பின் துளைகளை அடைத்து, பொருக்குத் தட்டிவிடும். அதன்பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது. மேலாகவே ஓடும், ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். வாசலில் சிவப்பாக ஓடுகிறதே, அது உங்கள் மனையின் மேல்மண். கரிசல் பூமியில் கதை வேறு. மாதக்கணக்கில் காய்ந்து கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலத்தில் முதல் மழை நேரே வெடிப்புக்குள் இறங்கி, கடைக்கால் வரை போய், அங்கே மண்ணை உப்ப வைக்கிறது. வீட்டின் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்வாக விரிசல் விடுவது பல நேரம் இதனால்தான். கடற்கரை மணலில் தண்ணீர் வேகமாக உறிஞ்சப்படும் என்பது உண்மை. ஆனால் மாடிக் குழாயிலிருந்து ஒரே இடத்தில் விழும் தண்ணீர் அந்த மணலைக் குடைந்து தளத்துக்கு அடியில் பொந்து போட்டுவிடும். மேலே சிமெண்டுத் தரை அப்படியே இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 11,150 லிட்டர். ஏறக்குறைய ஒரு பெரிய தண்ணீர் லாரி. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியிலிருந்து மட்டும் 4,600 லிட்டருக்கு மேல் இறங்குகிறது, அதுவும் இரண்டு மூன்று குழாய் வழியாக, வீட்டின் மூலைகளில், அஸ்திவாரத்தின் தலையிலேயே. ஒரு லாரித் தண்ணீரை உங்கள் கேட்டுக்குள் ஒரு மணி நேரத்தில் திறந்துவிட்டால் அது எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாதவர்கள் தயவுசெய்து தொடர்ந்து படியுங்கள்.

சுவருக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

காம்பவுண்ட் சுவர் என்று நாம் கட்டுவது எல்லையைக் காட்ட, ஆடு மாடு நுழையாமல் தடுக்க. நாலரை அங்குலச் செங்கல், இடையிடையே ஒன்பது அங்குலத் தூண். அல்லது ஆறு அங்குல ஹாலோ பிளாக். தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு நிற்பதற்குத்தான் அதில் வலு இருக்கிறது. பக்கவாட்டில் வரும் தள்ளலைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. மண்ணைத் தாங்க வேண்டிய சுவர் வேறு சாதி. அடி அகலமாக, கான்கிரீட்டிலோ கருங்கல்லிலோ, கணக்குப் போட்டுக் கட்ட வேண்டியது. தரைமட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்வரை காம்பவுண்ட் சுவர் பிழைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மேடாக்கிய அன்றைக்கே அது தடுப்புச் சுவராகிவிடுகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

தண்ணீரின் தள்ளல் எவ்வளவு என்று தெரிந்தால் யாருக்கும் தூக்கம் வராது. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அரை டன் தள்ளுகிறது. உயரம் இரண்டு மீட்டரானால் அந்த அரை டன் ஒரு டன் ஆவதில்லை, இரண்டு டன் ஆகிறது. சுவரை அடியிலிருந்து நெம்பிச் சாய்க்கும் விசையோ எட்டு மடங்காகிறது. இரண்டு மீட்டர் உயரமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள சுவரின் மேல் 40 டன். தண்ணீர் வெளியே குளமாகத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பின்னால் கொட்டிய மண் ஊறிப்போய், அதற்குள் நீர்மட்டம் ஏறினாலே போதும், அதே தள்ளல் வந்துவிடும். மண்ணின் தள்ளல் வேறு கூடச் சேரும். காய்ந்த மண்ணைப் பத்து வருடம் தாங்கி நின்ற சுவர், அதே மண் ஊறிய ஓர் இரவில் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைச் சந்திக்கிறது. ‘இத்தனை வருஷமா நிக்குதே’ என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

இதற்கு மருந்து மிக எளிது. சுவரின் அடிப்பகுதியில் நீர் வெளியேறத் துளைகள். கொத்தனார்கள் வீப் ஹோல் என்பார்கள். மூன்று அங்குல பி.வி.சி. குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வைத்து, நாலைந்து அடிக்கு ஒன்றாக, வெளித்தரையிலிருந்து ஓரடிக்குள் முதல் வரிசை. உயரமான சுவரானால் மேலே இன்னொரு வரிசை. குழாயின் உள்வாய்க்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி கொட்டி, மண் அடைக்காதபடி வடிகட்டும் துணி வைக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் மொத்தச் சுவருக்குச் செய்ததில் ஒரு சிறு பகுதி. இதைச் செய்யாத சுவர்கள் ஊரெல்லாம் நிற்கின்றன. அதைவிடக் கொடுமை, வைத்த துளையை அடைப்பது. எலி வருகிறது, பாம்பு வருகிறது, சுவரில் கறை படிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று சிமெண்டு வைத்துப் பூசிவிடுகிறோம். எலிக்குக் கம்பி வலை போதும். துளையை அடைத்தவர் தன் சுவரை அணையாக்கிவிட்டார்.

வேறு எப்படியெல்லாம் சுவரைக் கொல்கிறோம் என்று பாருங்கள். வீடு கட்டும்போது கடைக்கால் தோண்டிய மண்ணை வெளியே அள்ளிப் போகச் செலவாகும் என்று மதில் ஓரமாகவே குவித்து, நாளடைவில் அதன்மேல் வாழையும் செம்பருத்தியும் வைக்கிறோம். எம்-சாண்ட், செங்கல் லோடு வந்தால் சுவரில் சாய்த்துக் கொட்டச் சொல்கிறோம். ஐந்தடிச் சுவர் போதாது என்று பழைய சுவரின் தலையில் இன்னும் மூன்றடி ஹாலோ பிளாக் ஏற்றுகிறோம், அடித்தளத்தைத் தொடுவதே இல்லை. தெரு உயர்ந்துவிட்டது என்று மனையை மூன்றடிக்கு கிராவல் கொட்டி உயர்த்துகிறோம், பழைய மதில் அப்படியே இருக்கிறது. பக்கத்து மனையில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டும்போது நம் சுவரின் காலுக்குக் கீழே மண் போவதை வேடிக்கை பார்க்கிறோம். 2019 ஜூன் 29 அன்று புனேயின் கோண்ட்வாவில், குடியிருப்பு வளாகம் ஒன்றின் மதில் பக்கத்துக் கட்டுமானப் பள்ளத்தின் பக்கம் சரிந்தது. மதிலை ஒட்டி நிறுத்தியிருந்த கார்களும் சேர்ந்து விழுந்தன. கீழே கொட்டகைகளில் இருந்த 15 பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஊறிய மண். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

விழப்போகும் சுவர் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். சுவரின் நடுவயிறு வெளியே தள்ளியிருக்கும். அடியிலிருந்து ஓரடி ஈரடி உயரத்தில் படுக்கை வாக்கில் விரிசல் ஓடும். நெட்டுக்குத்து விரிசலைவிட இது ஆபத்தானது. கேட் திடீரென்று உரசும், தாழ்ப்பாள் பொருந்தாது. சுவருக்குப் பின்னால் மேட்டு மண்ணில், சுவருக்கு இணையாக நீளமான வெடிப்பு தெரியும். சென்ற மழையில் தண்ணீர் கொட்டிய துளை இந்த மழையில் சொட்டாமல் இருந்தால், உள்ளே நீர் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் உட்காரவோ படுக்கவோ வண்டி நிறுத்தவோ கூடாது. இருபுறமும்தான்.

விரிசலில் சிமெண்டு பூசுவது வைத்தியம் ஆகாது, நோயை மறைப்பது. முதலில் பின்னாலிருக்கும் பாரத்தை இறக்குங்கள். குவித்த மண்ணை, செங்கல்லை, ஜல்லியை அள்ளுங்கள். காய்ந்த நாட்களில், மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக. மழை பெய்துகொண்டிருக்கும்போது சுவரடியில் கடப்பாரை போடவே கூடாது. பழைய சுவரில் துளை போடுவதாக இருந்தாலும் ஒரே நாளில் வரிசையாக இடிக்காமல், ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆறடிக்கு மேல் உயரமான சுவருக்கு மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. தாங்காத சுவர் என்று பொறியாளர் சொன்னால் இடித்துவிடுங்கள். கம்பி வேலி ஆளைக் கொல்லாது.

அடுத்தது மனையின் வாட்டம். ரசமட்டமோ தண்ணீர் நிரப்பிய டியூபோ வைத்துப் பார்த்தால் அரை மணி நேர வேலை. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்கு மண்தரையானால் ஆறு அங்குலம் இறக்கம் இருக்க வேண்டும். சிமெண்டோ பேவர் பிளாக்கோ போட்ட தளமானால் இரண்டரை அங்குலமாவது. பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. கார் நிறுத்த ஓரம் உயர்த்தியதில் தண்ணீர் வீட்டை நோக்கியே திரும்புகிறது. மாடிக் குழாயின் வாய் சுவரடியில் திறந்திருந்தால் அதை நீட்டி, குறைந்தது ஐந்தாறு அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். விழும் இடத்தில் ஒரு பலகைக் கல்லோ ஜல்லிப் படுகையோ வையுங்கள். அந்த ஒரு கல் இல்லாத இடத்தில்தான் அரிப்பு தொடங்கும். முதல் மழையில் ஒரு குழி, அடுத்த மழையில் ஓர் ஓடை, மூன்றாவதில் பேஸ்மட்டத்தின் அடி வெளியே தெரியும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதே என்பீர்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்த ஆண்டு போட்ட குழிகளை அதன்பிறகு திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மண்ணும் இலையும் அடைத்த குழி தண்ணீரைக் குடிக்காது, திருப்பி அனுப்பும். ஏப்ரல் முடிவதற்குள் மூடியைத் திறந்து வண்டலை அள்ளி, மேலடுக்கு ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். குழி மதிலின் காலடியிலோ வீட்டின் கடைக்காலை ஒட்டியோ இருந்தால் அதை அங்கிருந்து தள்ளி வேறு இடத்தில் போடுவதுதான் நல்லது. சுவரடி மண்ணை நாமே ஊற வைத்துவிட்டுச் சுவரைக் குறை சொல்ல முடியாது. குழி நிரம்பி வழிந்தால் அந்த வழிதண்ணீர் எங்கே போகும் என்பதற்கும் ஒரு வாய்க்கால் வேண்டும்.

முற்றம் முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். அடியில் சிமெண்டுக் கலவை போட்டுப் பதித்தால் ஒரு சொட்டும் இறங்காது. நடக்கவும் வண்டி நிறுத்தவும் வேண்டிய இடத்துக்கு மட்டும் தளம் போதும். மீதி மண்ணாக இருக்கட்டும், ஆனால் வெறும் மண்ணாக இருக்கக் கூடாது. காய்ந்த சருகு, தென்னை மட்டை, தேங்காய் நார் எதையாவது மூன்று நான்கு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மழைத்துளியின் அடி மண்ணில் விழாது. சரிவு இருக்கும் மனையில் சரிவுக்குக் குறுக்கே கல் வரிசை போட்டால் தண்ணீர் நிதானிக்கும், வண்டல் அங்கேயே தங்கும்.

இதற்கெல்லாம் மேலாக, வெட்டிவேர். கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் அதே செடிதான். மண் அரிப்பைத் தடுக்க இதை நட்டு வேலியாக வளர்க்கும் முறையை 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவிலிருந்துதான் உலகம் முழுவதும் எடுத்துச் சென்றார்கள். இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் செங்குத்தாக இறங்கும். நல்ல மண்ணில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். அரை அடிக்கு ஒரு தூராக, சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசையில் இடைவெளி விடாமல் நட வேண்டும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். இதை இந்தக் கோடைக்காக அல்ல, அடுத்த கோடைக்காகச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நட்டது இந்த ஆண்டே காப்பாற்றும் என்று நம்பிச் சரிவான இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுச் சண்டை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தண்ணீருக்கான வழி பெரும்பாலும் அடைபடுவது அங்கேதான். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மேட்டு நிலத்தில் விழுந்து, வாய்க்கால் எதிலும் சேராமல் இயல்பாக வழிந்து வரும் தண்ணீரை, அடுத்துள்ள பள்ள நிலத்துக்காரர் ஓடவிட வேண்டும் என்கிறது. இயல்பாக என்பதைக் கவனியுங்கள். உங்கள் மாடித் தண்ணீர் முழுவதையும் ஒரு குழாயில் சேர்த்து அடுத்தவர் சுவரடியில் பாய்ச்ச அது உரிமை தரவில்லை. மனையை உயர்த்தும்போது அடுத்தவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், இருவரும் சேர்ந்து நடுவில் ஒரு வாய்க்கால் விடுங்கள். தெருவை உயர்த்திக்கொண்டே போவதும் நின்றாக வேண்டும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் அன்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய் அதைக் கேளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மலையிலும் மலையடிவாரத்திலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு இவை எல்லாமே இரட்டிப்பு அவசரம். நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு வீட்டை மூடியதில் 7 பேர். வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தால், அந்த வெட்டுக்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் கட்டாயம் வேண்டும். கோடையில் அது சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கும், இப்போதே அள்ளுங்கள். மரமோ மின்கம்பமோ புதிதாகச் சாய்ந்திருந்தால், தரையில் வில் போல வெடிப்பு கண்டால், அந்த வீட்டில் இரவு தங்காதீர்கள்.

மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கும். சன்னலிலிருந்து பாருங்கள். கோடை மழை இடியோடு வருவது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை முற்றத்தில் இறங்க வேண்டாம். தேங்கிய தண்ணீரில் மோட்டார், கேட் விளக்கு, எர்த் குழி எதுவும் மூழ்கியிருந்தால் மெயினை அணைக்காமல் கால் வைக்கக் கூடாது. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை நாளைக்கே வரச் சொல்லுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். கழிவுநீர்த் தொட்டி, சம்ப், பாழடைந்த கிணறு இவற்றின் மூடிகளைச் சரிபார்த்துவிடுங்கள். தண்ணீர் மூடிய முற்றத்தில் குழந்தைக்கு எது தரை, எது குழி என்று தெரியாது.

கடைசியாக, மதிலின் அந்தப் பக்கம் ஒரு முறை நடந்துபோய்ப் பாருங்கள். பாச்சுப்பள்ளியிலும் திருவள்ளூரிலும் நடூரிலும் கோண்ட்வாவிலும் இறந்தவர்கள் யாரும் அந்தச் சுவரின் சொந்தக்காரர்கள் இல்லை. கீழே, மறுபுறத்தில், வேறு இடமில்லாமல் தங்கியிருந்தவர்கள். உங்கள் சுவரை ஒட்டி யாராவது கொட்டகை போட்டிருந்தால், கட்டட வேலைக்கு வந்த குடும்பம் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்தால், அவர்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்வது மழைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. வேலை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் இன்றே சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சுவர் சாய்வதை மழை நேரத்தில் கண்டால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. அழைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அங்கே படுத்திருப்பவர்களை முதலில் எழுப்பிவிடுங்கள்.